விளைச்சல் இங்கே, லாபம் எங்கே? தஞ்சை நெல்லின் கதை

இன்னைக்கு ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்டுல இருக்கிற அரிசி பையை எடுத்துப் பாருங்க. சென்னை, கோவை, பெங்களூர்னு எந்த ஊர்ல இருந்தாலும் சரி. முன்பக்கம் பெரிய எழுத்தில் "பொன்னி" என்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பின்பக்கம் சின்ன எழுத்தில் ஆலையின் முகவரி இருக்கும். ஆரணி, காங்கேயம், செங்குன்றம், இல்லையென்றால் கர்நாடகாவில் ஏதோ ஒரு ஊர்.

பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். அந்த ரகத்தின் மூலம் மலேசியாவிலிருந்து வந்த "மசூரி". இங்கே வந்த பிறகுதான் அதற்குக் காவிரியின் பெயர் வைத்தார்கள். ஆக, பையில் ஆற்றின் பெயர் இருக்கிறது. அந்த ஆறு ஓடுகிற தஞ்சாவூரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. "தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம்" என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்த அதே தஞ்சாவூர்தான்.

ஏன் இப்படி? இன்றைய எபிசோட் அதைப் பற்றியதுதான். ஆபீஸில் மாதா மாதம் "புரொடக்டிவிட்டி"யைக் கூட்டச் சொல்வாங்க இல்லையா? உற்பத்தித் திறன் கூடினால் போட்டியில் ஜெயித்துவிடலாம் என்பது பிசினஸ் உலகின் பழைய நம்பிக்கை. தஞ்சாவூர் அதைக் கிட்டத்தட்ட நூறு வருஷமாகச் செய்து பார்த்த ஊர். ஒரு ஏக்கரில் அதிகம் விளைவித்தது, ஒரு வருஷத்தில் அதிக போகம் எடுத்தது. ஆனால் அதனால் வந்த லாபம் ஒவ்வொரு முறையும் வேறு யார் கைக்கோ போனது.

டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். மடை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகிற சின்னத் திறப்பு. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும், மடை எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவுதான் உள்ளே வரும். மடையைத் திறந்து அடைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பெரிய ஆள். இந்தச் சொல்லை மனசுல வெச்சுக்கோங்க.

நாகப்பட்டினமும் ரங்கூனும்

19-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டுகிறார். காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்கு ஓடிவிடாமல் டெல்டாவுக்கு ஒழுங்காக வர ஆரம்பிக்கிறது. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை ரயில் ஓடுகிறது. தஞ்சை அரிசி ரயிலேறி, கப்பலேறி, இலங்கைக்குப் போகிறது. அங்கே காபித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அதுதான் சாப்பாடு.

அதே காலத்தில் வங்காள விரிகுடாவின் எதிர்க்கரையில் இன்னொரு டெல்டா வளர்ந்துகொண்டிருந்தது. பர்மாவின் ஐராவதி டெல்டா. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைப் பிடித்த பிறகு, காட்டையும் சதுப்பையும் திருத்தி நெல் வயலாக்கினார்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம்ம ஊர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். 1930-களின் கடைசியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் பெயரிலேயே வந்துவிட்டது. காரணம், விலை விழுந்தபோது விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை.

தஞ்சாவூரை பர்மா எப்படி முந்தியது? அங்கே நிலம் தாராளமாகக் கிடைத்தது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆலைகள். ரங்கூன் ஆற்றங்கரையில் ஐரோப்பிய கம்பெனிகள் பெரிய நீராவி அரிசி ஆலைகள் கட்டின. ஸ்டீல் பிரதர்ஸ் அதில் பெரிய பெயர். நெல் படகில் ஆலை வாசலுக்கே வரும், அரிசி அதே ஆற்றில் கப்பல் ஏறும். கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வாங்க வேண்டாம், அரைத்த நெல்லின் உமியையே எரித்தார்கள். மற்றவர்கள் குப்பையாகப் பார்த்தது அவர்களுக்கு எரிபொருள். கூலி, எரிபொருள், போக்குவரத்து என ஒவ்வொரு மூட்டைக்கும் ஆகிற செலவு குறைந்தது. போட்டியில் முந்துவதற்கு உற்பத்தித் திறன் உதவுவது இப்படித்தான்.

1930-களில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். அதில் பெரும் பங்கு இந்தியாவுக்கு வந்தது. நெல் விளைகிற சென்னை மாகாணமே பர்மா அரிசியை வாங்கிச் சாப்பிட்டது.

1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. கல்லணைக் கால்வாயில் புதிய நிலங்களுக்குத் தண்ணீர் பாய்ந்தது. விளைச்சல் கூடியது. ஆனால் அது உலகப் பொருளாதார மந்தக் காலம், நெல் விலை பாதாளத்தில் கிடந்தது. பர்மா அரிசி ஒரு பக்கம், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, மலிவான நொய் இன்னொரு பக்கம். மிராசுதார்கள் இறக்குமதி வரி போடச் சொல்லிக் கேட்டார்கள். 1935-இல் நொய்க்கு வரி வந்தது. தண்ணீருக்கு மடை திறந்தாச்சு, ஆனா சந்தைக்கான மடை ரங்கூனில் இருந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, அந்த அரிசி நின்றபோதுதான் எவ்வளவு தூரம் அதை நம்பியிருந்தோம் என்பது புரிந்தது.

105 நாளில் வந்த நெல்

அடுத்தது 1960. நாடு முழுக்க உணவுப் பற்றாக்குறை. ஃபோர்டு ஃபவுண்டேஷன் குழுவின் யோசனைப்படி, தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில் நல்ல விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பது என்று மத்திய அரசு முடிவு செய்தது. "பேக்கேஜ் திட்டம்" என்று பேர். முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று.

இந்தத் திட்டத்தின் ஹீரோ, ஆடுதுறை 27. 1922-லிருந்து இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம். ஜப்பான் ரகம் ஒன்றையும் நம்ம ஊர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து எடுத்தது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், உரம் போட்டால் நன்றாக விளையும். 1960-களின் நடுவில் குறுவைப் பட்டத்தில் இது வேகமாகப் பரவியது. ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை, அதை அறுத்துவிட்டுத் தாளடி. ஒரு போகம் எடுத்த நிலம் பலதில் இரண்டு போகம் எடுக்க முடிந்தது.

பேப்பர்ல பார்த்தா சூப்பர். வயலில் ஒரு சிக்கல். குறுவை அறுவடை விழுவது செப்டம்பர், அக்டோபரில். அதாவது மழை நாளில். சம்பா நெல் தை மாத வெயிலில் களத்தில் காயும். குறுவை நெல்லை எங்கே காயவைப்பது? ஈரத்தோடு குவித்து வைத்தால் சூடேறும், நிறம் மாறும், முளைவிட ஆரம்பிக்கும். அதிக விளைச்சல் என்றால் அதிக ஈர நெல். மடை இப்போது வயலிலிருந்து களத்துக்கு நகர்ந்துவிட்டது.

திருவாரூரில் ஒரு பரிசோதனைச் சாலை

இந்தச் சிக்கலுக்குப் பதில் தேடித்தான் 1967-இல் திருவாரூரில், கூட்டுறவுத் துறையின் நவீன அரிசி ஆலை வளாகத்தில், நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. பின்னால் இருந்தவர் விஞ்ஞானி வி. சுப்பிரமணியன். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு திருவாரூர் வந்து ஈர நெல்லோடு மல்லுக்கட்டினார். மையத்தின் ஆரம்பகாலத் தீர்வுகளில் ஒன்று ரொம்ப எளிமையானது. ஈர நெல்லோடு சாதாரண உப்பைக் கலப்பது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நெல் சில நாள் கெடாமல் தாங்கும்.

அந்தக் காலத்து ஆலை எப்படி இருந்தது என்றும் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் உரலும் உலக்கையும். நெல் குத்துவது பெண்களின் வேலை, பல ஏழைப் பெண்களுக்கு அதுதான் வருமானம். பிறகு ஊர் ஊராக வந்தது "ஹல்லர்". 1880-களில் பிரேசிலைச் சேர்ந்த எங்கெல்பெர்க் என்பவர் கண்டுபிடித்த மெஷின். ஒரே உருளையில் உமியையும் தவிட்டையும் சேர்த்து உரித்துத் தள்ளிவிடும். விலை குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால் அரிசி நிறைய உடையும், தவிடு உமியோடு கலந்து வீணாகும்.

நவீன ஆலையில் வேலையைப் பிரித்தார்கள். ரப்பர் உருளைகள் உமியை மட்டும் எடுக்கும், இன்னொரு மெஷின் தவிட்டைத் தீட்டும். 100 கிலோ நெல்லில் ஹல்லர் சுமார் 62 முதல் 65 கிலோ அரிசி தந்தால், இது 68 முதல் 70 கிலோ வரை தரும்.

நாலு கிலோதானே என்று தோணும். ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 100 டன் நெல் அரைக்கிற ஆலை. 100 கிலோவுக்கு 4 கிலோ கூடுதல் என்றால், ஒரு நாளைக்கு 4,000 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் தினமும் 1,60,000 ரூபாய். அதே நெல்தான், அதே விலைக்கு வாங்கியதுதான். இந்தப் பணத்தை வைத்து ஆலைக்காரர் விவசாயிக்குக் கொஞ்சம் கூட விலை கொடுத்து நல்ல நெல்லை முதலில் அள்ளலாம். கடைக்காரருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். அல்லது அடுத்த மெஷின் வாங்கலாம். பக்கத்து ஹல்லர் ஆலைக்கு இந்த மூன்றுமே முடியாது. போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

நேரமும் மிச்சம். புழுங்கலுக்கு அந்தக் காலத்தில் நெல்லைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுவார்கள். தண்ணீர் புளித்து ஒரு வாடை வரும், அது சோற்றிலும் இருக்கும். சுமார் 70 டிகிரி சூட்டில் ஊறவைத்தால் மூன்று நான்கு மணி நேரம் போதும் என்று மைசூர் நிலையம் காட்டியது. வாடை போச்சு. மூன்று நாள் பிடித்துவைத்திருந்த தொட்டி அன்றே அடுத்த மூட்டைக்குத் தயார். அதோடு, சுத்தமாகப் பிரிந்த தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கலாம்.

அப்போ தஞ்சாவூர் ஏன் ஜெயிக்கல?

நெல் இங்கே. ஆராய்ச்சி மையமும் இங்கே. பிறகு அது 1984-இல் தஞ்சாவூருக்கே இடம் மாறியது, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. எல்லாம் இருந்தும் பிராண்ட் அரிசி வேறு ஊர்களில் வளர்ந்தது ஏன்?

என் வாசிப்பில் பெரிய காரணம், டெல்டாவின் நெல் யாருக்குப் போனது என்பதுதான். பற்றாக்குறைக் காலத்தில் நாட்டுக்கே தஞ்சை நெல் தேவைப்பட்டது. 1960-கள், 70-களில் நெல்லை மாவட்டம் தாண்டி எடுத்துப் போகப் பலமுறை தடை இருந்தது, அரசு கொள்முதல் நடந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. ரேஷன் கடை அரிசியில் பெரிய பங்கு டெல்டாவிலிருந்து போனது.

இதில் ஒரு நல்லது உண்டு, அதை மறக்கக் கூடாது. விவசாயிக்கு நிச்சயமான விலை, ஏழை வீட்டில் நிச்சயமான சோறு. ஆனால் ஆலைத் தொழிலுக்கு வேறு விளைவு. அரசு நெல்லை வாங்கி ஆலையில் கொடுக்கும். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி என்று ஒரு கணக்கு. அதைத் திருப்பிக் கொடுத்தால் அரவைக் கூலி. நெல் ஆலைக்காரருடையது இல்லை, அரிசியும் அவருடையது இல்லை. நல்லா அரைச்சாலும் அந்த அரிசியில் அவர் பெயர் இருக்காது. இன்னும் நன்றாகச் செய்ய எதுக்கு முதலீடு போடணும்?

ஆரணி, காங்கேயம் மாதிரி ஊர்களில் ஆலைக்காரர் பல மாவட்டங்களிலிருந்து நெல்லைத் தேடி வாங்கினார். கருப்பு அரிசியைக் கேமரா வைத்துப் பொறுக்கும் மெஷின் வந்தபோது அதற்குப் பணம் போட்டார். பையில் தன் பெயரை அடித்தார். மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதனால் மெஷின் கொடுக்கிற முன்னிலை சில வருஷம்தான். எல்லோரும் வாங்கிவிட்டால் அது வெறும் நுழைவுச் சீட்டு. ஆனால் "இந்தப் பை வாங்கினா சோறு நல்லா இருக்கும்" என்று வீட்டில் ஒருவர் நம்ப ஆரம்பித்தால், அதை காப்பி அடிப்பது கஷ்டம்.

அரைப்படி நெல்

இதுவரை ஆலை, சந்தை என்று பேசினோம். விளைச்சலைக் கூட்டிய கைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது.

இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு அறுவடை. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் நிலமில்லாத தலித் தொழிலாளர்கள். கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மகசூல் கூடுகிறது, கூலி மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாக வந்தது. கிழக்குத் தஞ்சையில் செங்கொடிச் சங்கங்கள் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டன. கேட்டது கூடுதலாக அரைப்படி நெல் என்று இன்றும் சொல்வார்கள். நில உடைமையாளர்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடையை முடிக்கப் பார்த்தார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணி. தாக்குதலுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற நில உடைமையாளர்களைப் பிறகு உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

வெண்மணிக்குக் காரணம் புது நெல் ரகம் என்று சொன்னால் அது தப்பு. சாதியும் நிலமும் நூற்றாண்டுகளாகப் போட்ட முடிச்சு அது. ஆனால் விளைச்சல் கூடியபோது பங்கு பற்றிய கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் போனது. பசுமைப் புரட்சி பற்றி 1971-இல் புத்தகம் எழுதிய அமெரிக்க அரசியல் அறிஞர் ஃபிரான்சின் ஃபிராங்கெல், நேரில் ஆராய்ந்த ஐந்து மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. பொருளாதார லாபம், அரசியல் விலை என்று இரண்டையும் அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே வைத்தார். 1950-களின் தொடக்கத்தில் தஞ்சை கிராமங்களில் தங்கி ஆராய்ந்த கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர், 1976-இல் திரும்பி வந்து பார்த்தார். நெல் கூடியிருந்தது. கூலித் தொழிலாளர்களின் வாழ்க்கை அதற்கேற்ப உயரவில்லை என்று எழுதினார்.

இன்றைய மடை

இப்போ 2020-களுக்கு வருவோம். அறுவடைக்கு மெஷின் வருகிறது, மணிக்கணக்கில் வாடகை. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் மெஷினில் அறுத்த நெல் ஈரமாகவே ஒரே நாளில் மொத்தமாக வந்து குவியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அக்டோபர் மழையில் அது எப்படி முடியும்? மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும். அதுவரை நெல் ரோட்டோரத்தில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். டெல்டா பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சாலையில் பாதி அகலம் நெல் காயும்.

1967-இல் திருவாரூரில் கேட்ட அதே கேள்விதான். காயவைப்பது எங்கே, எப்படி? உலர்த்தும் மெஷின் இருக்கிறது, தொழில்நுட்பம் புதுசு இல்லை. ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் ஒருவர் அதை வாங்க முடியாது, வருஷத்தில் சில வாரம்தான் அதற்கு வேலை. பத்து ஊர் சேர்ந்து ஒன்று வைத்தால் கணக்கு சரியாக வரலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று இப்போது உருவாகியிருக்கும் அமைப்புகளுக்கு இது பொருத்தமான வேலை. நெல்லைக் காயவைத்து இரண்டு மாதம் வைத்திருக்க முடிந்தால், "இன்னைக்கே எடுத்துக்கோங்க" என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை. பேரம் பேசலாம். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி பாரம்பரிய ரகங்களைத் தாங்களே அரைத்து, தங்கள் பெயரிலேயே விற்கும் டெல்டா விவசாயிகள் சிலர் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். அளவு சின்னதுதான், ஆனால் பையில் அவர்கள் ஊர் பெயர் இருக்கிறது.

அடுத்த தடவை ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது "புரொடக்டிவிட்டியை 20 சதவீதம் கூட்டுவோம்" என்று சொன்னால், தஞ்சாவூரை நினைச்சுக்கோங்க. கூடுகிற அந்த 20 எங்கே போய்த் தேங்கி நிற்கும், அங்கே மடையை யார் கையில் வைத்திருக்கிறார், வேலை செய்தவருக்கு அதில் எவ்வளவு அளப்பார்கள் என்று கேட்டுப் பாருங்க.

உங்க தாத்தா பாட்டி டெல்டாக்காரங்களா? ஆடுதுறை 27 விதைத்த ஞாபகம், நெல் குத்திய ஞாபகம், கூலி நெல் வாங்கிய ஞாபகம் ஏதாவது அவங்களுக்கு இருந்தா, உட்கார்ந்து கேட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.